ஊறுகாய் டப்பாவில் ஒரு வேர்ப்புழு

நேற்றுக் காலை மொட்டை மாடியில் ஒரு சம்பங்கித் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். கொஞ்ச நாளாகவே அதன் இலை மஞ்சளித்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஜாஸ்தி என்றாள் மகள். கம்மி என்றார் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒரு நாள்கூட அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் இல்லை. லேசாகப் பிடித்து இழுத்ததும் செடி கையோடு வந்துவிட்டது. வேர் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஆளை நேரில் பார்க்காமல் விடுவதாவது என்றுதான் தொட்டியைக் கவிழ்த்தேன்.

ஆள் இருந்தார். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, பின்பக்கம் மட்டும் தின்ற மண் தெரிகிற மாதிரி ஒரு கறுப்பு. அரைவட்டமாகச் சுருண்டு, கிழங்கைக் குடைந்த பள்ளத்திலேயே சொகுசாகப் படுத்திருந்தார். மகள் தீபா உடனே செல்போனில் படம் பிடித்தாள். பூச்சி புழுவைப் பார்த்துப் பெயர் சொல்கிற ஆப் ஒன்று வைத்திருக்கிறாள். அது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, 'இறால்' என்றது. கடலே இல்லாத பாகாயத்தில் மாடித் தொட்டிக்குள் இறால் எப்படி வரும் என்ற கவலையெல்லாம் அதற்கு இல்லை.

தீபா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இதே புழுவைப் பார்த்து இதே பதிலை ஒருத்தி முன்பே சொல்லியிருக்கிறாள். அவளுக்காவது பசி நேரம், மன்னித்துவிடலாம்.

அவள் பெயர் ரோஸி. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். விடிந்தும் விடியாமலும் ரோட்டு முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஹாரன் இரண்டு தடவை அடிப்பான். இரண்டாவது ஹாரனுக்கு ஓடவில்லை என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஈரத் தலையோடு ஏறி உட்கார்ந்தால் பஸ் முழுக்கப் பவுடர் வாசனை, மல்லிப்பூ வாசனை. சாயங்காலம் திரும்பும்போது எல்லோர் மேலும் ஒரே வாசனைதான், தோல் வாசனை. குளித்தாலும் அது நகத்துக்குள் இருக்கும். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் புது செருப்பு வாங்கப் போனால் நான் கடை வாசலிலேயே நின்றுகொள்கிறேன். தீபாவுக்கு அந்த வாசனை பிடிக்குமாம், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இழுப்பாள். அவளுக்கென்ன.

கம்பெனியில் எனக்குத் தோல் செக்கிங். வேலை என்னவென்றால், பதப்படுத்தி வருகிற ஆட்டுத் தோலை விளக்குக்கு அடியில் விரித்துப் போட்டு, எங்கே குறை இருக்கிறதோ அங்கே சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தைத் தவிர்த்து வெட்டுவார்கள். கேட்க ஒன்றுமில்லாத வேலையாகத்தான் தெரியும். ஆனால் கொஞ்ச நாளில் கண் தானாகப் பழகிவிடும். இது உண்ணி கடித்தது, இது முள் கிழித்தது, இது அம்மை வடு, இது எவனோ சூடு போட்ட தழும்பு. அந்த ஆடு செத்து, தோலாகி, சாயம் ஏறி, பளபளவென்று வந்து நிற்கும்போதும் எந்த வாய் எங்கே கடித்தது என்று அந்தத் தோலில் எழுதியே இருக்கும். பதப்படுத்துவதில் வந்த கோளாறு வேறு மாதிரி. உப்போ சுண்ணாம்போ சாயமோ தப்பினால் அது தோல் முழுக்கப் பரவும், மங்கலாகப் படரும். கடித்த குறை ஒரு இடத்தில் குத்தி நிற்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் நான் அங்கே படித்த படிப்பு.

அங்கே ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பாதி உயரத்துக்கு பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளியே மழை பெய்தால் கூரைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்ரூம் போக டோக்கன். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன்தான், அது யார் கையில் இருக்கிறதோ அவள் அன்றைக்கு மகாராணி. ரோஸி அதை எடுத்துக்கொண்டு போனால் சீக்கிரத்தில் வர மாட்டாள். கேட்டால், "உள்ள ஒரு ஓட்டை இருக்குது, அது வழியா தென்னமரம் தெரியும்டி" என்பாள். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு மட்டை தெரிந்தது. அதற்கே இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. காட்பாடியில் இருந்த அம்மாவின் அண்ணன், சம்பத் மாமா, வருகிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நிலத்தை விற்றுவிட்டுக் காட்பாடிக்கே வந்துவிடுங்கள், நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அங்கே ஒரு வேலை பார்த்துத் தருகிறேன், பெண்ணை நர்ஸிங் சேர்த்துவிடலாம் என்று. நர்ஸிங் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஊசியோ மருந்தோ ஞாபகத்துக்கு வராது. ஜன்னல்தான் வரும். ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய ஜன்னல்கள் இருக்கும், அதைத் திறந்து வைப்பதே நர்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் போய்விட வேண்டும் என்றுதான் ஆசை. நைனாதான் அசையவில்லை.

நைனாவுக்குப் பாலாற்றை ஒட்டி கொஞ்சம் நிலம். அதில் சம்பங்கி. கலவை ஊரில் இருந்த சித்தப்பா வீட்டிலிருந்து மூட்டையில் கட்டி எடுத்துவந்த கிழங்கு அது. கருக்கலில் பூவெடுத்து ஆம்பூர் பூ மண்டிக்கு அனுப்புவார். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு வருஷம் செடி சாக ஆரம்பித்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மஞ்சளித்துச் சாயும். நைனா பிடுங்குவார், கையோடு வந்துவிடும். அதை வரப்பில் விசிறிவிட்டு, "தோல் தண்ணி" என்பார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களைக் குறை சொல்ல முடியாது. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணறு கிணறாக உப்பேறிப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். அதனால் எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. தென்னை குரும்பை கொட்டினால் தோல் தண்ணி. மாடு சினை தங்காவிட்டால் தோல் தண்ணி. ஒரு தாத்தாவுக்குத் தலை வழுக்கையானதற்குக்கூட அதுதான் காரணம், அவருடைய அப்பாவுக்கும் வழுக்கை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பல நேரம் அந்தப் பதில் சரியாகவும் இருந்தது, அதுதான் வம்பு. பதில் கையிலேயே இருக்கும்போது மண்ணைத் தோண்டிப் பார்ப்பானேன்?

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்தியில் நடந்துகொண்டிருந்தபோது ஈர மண்ணின் மேல் விரலால் கீறினாற்போல் கோடு கோடாக மேடு தட்டியிருந்ததைப் பார்த்தேன். பிள்ளைப்பூச்சி ஓடிய தடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நைனா, தண்ணி இல்ல, பிள்ளைப்பூச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா, "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு மொளைச்ச மாதிரி இருக்குது. கம்பெனிக்குப் போனதும் பூச்சி டாக்டர் ஆயிட்டியா?" என்றாள். நைனா மட்டும் நான் சொன்னதைக் கேட்டு, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினார். நாலைந்து பிள்ளைப்பூச்சி மூச்சுமுட்டி மேலே வந்தது நிஜம். ஆனால் செடி சாவது நிற்கவில்லை. தண்ணீர் தேங்கியதில் நன்றாக இருந்த கிழங்கும் கொஞ்சம் அழுகிப்போனது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்துக்கு வீட்டில் என் பெயரே பூச்சி டாக்டர்தான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நிலத்திலிருந்து வந்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். வரப்பில் காய்த்த கத்திரிக்காயை யாரையும் தின்ன விடமாட்டார். "மண்ணு செத்துப்போச்சு" என்பார். யாரோ வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்வது மாதிரிச் சொல்வார். கடைசியில் ஒரு நாள் மாமாவிடம், "சரி, ஆளைக் கூட்டியா" என்றார். குடோன் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவரை மாமா ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. காட்பாடியில் வீடும் பார்த்தாகிவிட்டது. ரயில் சத்தம் கேட்கும், ஆனால் மாடிப் போர்ஷன், இரண்டு ஜன்னல் என்று மாமா சொன்னார். நான் அந்த இரண்டு ஜன்னலுக்கும் மனதுக்குள் திரைச்சீலை தைக்கத் தொடங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கொஞ்சம் சீக்கிரமே எழுந்து, கம்பெனிப் பையை மாட்டிக்கொண்டு, களைக்கொத்தோடு நிலத்துக்குப் போனேன். பூச்சி பார்க்கப் போகவில்லை, சத்தியம். காட்பாடிக்கு எடுத்துப்போய்த் தொட்டியில் வைக்க நாலு நல்ல கிழங்கு தோண்டலாம் என்றுதான் போனேன். பச்சென்று நின்ற செடியாகப் பார்த்துக் கொத்தினேன். தூரோடு பெயர்த்து மண்ணை உதறினால், கிழங்கின் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது.

அழுகல் இல்லை. அழுகியிருந்தால் கொழகொழவென்று நாறும். உப்பு என்றால் கிழங்கு சுருங்கும், இலை நுனி கருகும், வாய்க்கால் பக்கத்திலிருந்து வரிசையாகப் பாத்தியே போகும். கரையான் என்றால் மண் பூசியிருக்கும். நூற்புழு என்றால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். எலி என்றால் கிழங்கையே காணோம் என்றாகும், அவர் மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. (இதில் பாதி அன்றைக்குத் தெரியாது, பிறகு தெரிந்துகொண்டது. எல்லாம் தெரிந்தவள் மாதிரி உங்களிடம் அளக்கிறேன், அவ்வளவுதான்.) அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இது பரவிய குறை இல்லை. குத்தி நிற்கிற குறை. ஏதோ ஒரு வாய் இங்கே கடித்திருக்கிறது. கை பழக்கத்தில் சில்வர் பேனாவைத் தேடியது.

குழிக்குள் இன்னும் கொஞ்சம் கொத்தினேன். சுருண்டுகொண்டு வெள்ளையாக உருண்டு வந்தது. அடுத்த செடியைத் தோண்டினேன். அதிலும் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. இந்த நிலத்தில் எதுவும் சாகவில்லை, கீழே ஒரு பெரிய விருந்து நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தபோது ரோட்டில் முதல் ஹாரன் கேட்டது.

பையில் சோற்று டப்பாவோடு ஒரு சின்ன ஊறுகாய் டப்பா இருந்தது. ஊறுகாயை வரப்பில் கொட்டிவிட்டு, டப்பாவை மண் போட்டுத் துடைத்து, ஒரு கைப்பிடி மண்ணோடு ஒரு புழுவை உள்ளே போட்டு மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். நைனா பூ மண்டிக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஓட நேரமில்லை. இரண்டாவது ஹாரன் அடித்துவிட்டான்.

பஸ் வாணியம்பாடி ரோட்டில் ஏறிய பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இந்தப் புழுவை நைனா பார்த்தால் நாளைக்கு நிலத்தை விற்க மாட்டார். விற்காவிட்டால் காட்பாடி இல்லை. காட்பாடி இல்லையென்றால் நர்ஸிங் இல்லை, ஜன்னல் இல்லை. நிலத்தைத் தூக்கி நிறுத்துகிறவரை என் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும், அதாவது இதே பஸ், இதே ஹாரன். என் மடியில் இருந்த டப்பாவுக்குள் அது மண்ணைப் பிறாண்டும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. கேட்டிருக்காது, பஸ் இரைச்சலில் எப்படிக் கேட்கும், ஆனால் கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ரோஸி வழக்கம்போல என் ஊறுகாய்க்குக் கையை நீட்டி, நான் தடுப்பதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"இன்னாடி இது, எறா வச்சிருக்கே? பச்சையா இருக்குது?" என்றாள். பிறகு அது கால்களை அசைத்தது. அவள் போட்ட கூச்சலில் நாலு மேஜை தள்ளி இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு எங்கள் வீட்டு நிலவரம் எல்லாம் தெரியும். காட்பாடி ஜன்னலுக்குத் திரைச்சீலை நிறம் சொன்னவளே அவள்தான். கேட்டுவிட்டு டப்பா மூடியை அழுத்தி மூடினாள்.

"இத காட்டினா உங்க நைனா இன்னா பண்ணுவாரு?"

"விக்க மாட்டாரு."

"அப்ப இன்னாத்துக்குடி பத்திரமா வச்சினு இருக்கே? டோக்கன் என்கிட்டதான் இருக்குது. எடுத்துனு போ. உள்ள போட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்து. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் டோக்கனை என் கையில் வைத்து விரலை மடக்கினாள்.

"போடி. நம்மள்ல ஒருத்தியாவது இந்த பஸ்ஸ விட்டு எறங்கணும்."

எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். ஓட்டை வழியாகத் தென்னை மட்டை அசைந்துகொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தேன். மண்ணுக்குள் தலையை நுழைத்துக்கொள்ள இடம் தேடி அது டப்பாவின் ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே போனாலும் டப்பாதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அழுகை வந்துவிட்டது. வெளியே யாரோ கதவைத் தட்டி, "டோக்கன் குடும்மா" என்றார்கள்.

போட மனசு வரவில்லை. நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. கம்பெனியில் எத்தனையோ பொய் சொல்லி லீவு எடுத்திருக்கிறேன். ஆனால் நைனா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறது கண்ணிலேயே நின்றது. தன் மண் விஷமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு அவர் காட்பாடிக்கு வந்தால், அங்கே ஆயுசு முழுக்க அப்படியேதான் கையைக் கழுவிக்கொண்டிருப்பார். இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் அது ஆகாது என்று தோன்றியது. டப்பாவை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். ரோஸி என் முகத்தைப் பார்த்ததும், "கெட்டுப்போ" என்றாள். அன்று சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை.

கம்பெனி கேட்டில் இன்னொரு கூத்து. தோல் துண்டு யாராவது எடுத்துப் போகிறார்களா என்று வெளியே போகும்போது பையைத் திறந்து பார்ப்பார்கள். செக்யூரிட்டி அக்கா சோற்று டப்பாவையும் விடமாட்டார். ஊறுகாய் டப்பாவைத் திறந்தவர் அதைத் தூக்கிப் போடாதது என் அதிர்ஷ்டம்.

"இன்னா கருமம்டி இது?"

"வீட்ல காட்டணும்க்கா."

"வீட்ல காட்டி? கொழம்பு வைக்கப் போறியா? போ, போ, மூடு."

இருட்டுவதற்கு முன் நைனா வரப்பில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் போகப்போகிற நிலத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். அது மறுபடியும் சுருண்டுகொண்டது.

"எங்க இருந்துச்சி பாப்பா?"

"கிழங்குக்குள்ள. தோண்டின எல்லாத்துலயும் இருக்குது நைனா."

காலையில் நான் விட்டுப்போன களைக்கொத்தை எடுத்து ஒரு செடியைத் தோண்டினார். இன்னொன்றைத் தோண்டினார். பிறகு வெறும் கையாலேயே தோண்ட ஆரம்பித்தார். வரிசை முழுக்கப் போய்விட்டு, கை நிறையப் புழுவோடு திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தப் பல்லை நான் பார்க்கிறேன்.

"மண்ணு சாவல பாப்பா. மண்ணுக்கு ஒண்ணுமில்ல. திருட்டுப் பசங்க உள்ள ஒக்காந்துனு துன்னுனு இருக்கானுங்க!"

அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். உப்பு மண்ணைத் தேற்றுவதற்காக முந்தைய வருஷம் ஆட்டுப் புழுக்கையும், தோல் ஷாப்பில் ஊறவைத்துக் கழித்த மரப்பட்டைச் சக்கையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். முழுசாக மக்குவதற்கு முன்பே கொட்டிவிட்டார். அந்த மாதிரி அரைகுறை எருவில்தான் இந்தப் புழுவைப் பெற்ற வண்டு ஆசையாக முட்டை வைக்கும். தண்ணீருக்குப் பயந்து போட்ட மருந்தோடு புழுவையும் அவரேதான் வண்டி வைத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நைனா வாசலிலிருந்தே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார். அம்மா அவரைப் பார்க்காதது மாதிரி இருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"உன்ன யாரு தோண்டச் சொன்னது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாமாவும் குடோன்காரரும் சொன்னபடி வந்தார்கள். நைனா அவர்களுக்கு முன்னால் ஒரு பக்கெட் புழுவைக் கொண்டுவந்து வைத்தார். பத்திரத்தைப் பார்க்க வந்த மனிதர் பாவம், பக்கெட்டைப் பார்த்துவிட்டு மாமாவிடம், "ஏம்பா, புழு காட்டவா என்ன பேஜார் பண்ணி இவ்ளோ தூரம் கூட்டியாந்தே?" என்று கேட்டார். நைனாவோ அவருக்கு ஒரு கட்டு சம்பங்கி கொடுத்தனுப்பினார். மாமா அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்புறம் புழு வேட்டை. பாத்தி பாத்தியாகக் கிளறினோம். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் எனக்கு அதுதான் வேலை. மைனாவும் கொக்கும் எங்கள் பின்னாலேயே வந்து சம்பளமில்லாமல் உதவி செய்தன. கோடையில் முதல் மழை பெய்த அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து பழுப்பு வண்டுகள் கிளம்பி ரோட்டோர வேப்பமரத்தில் போய் மொய்த்தன. நைனா கிளையை உலுக்க, நானும் அம்மாவும் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரோடு அன்னக்கூடைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சடசடவென்று ஆலங்கட்டி மாதிரிக் கொட்டியது. தலையிலும் ரவிக்கையிலும் விழுந்து அம்மா கத்திய கத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். வேப்பம்புண்ணாக்கு போட்டோம். அடுத்த வருஷம் சம்பங்கி எழுந்து நின்றது. வாசனை வீட்டுக்குள் வந்தது. நைனா கையை ஒரு தடவை மட்டும் கழுவிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நர்ஸிங் அட்மிஷன் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நைனா. அடுத்த வருஷம் மோட்டார் போனது. அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். 'அடுத்த வருஷம்' என்பது எங்கள் வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. நைனா மேல் எனக்குக் கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. அவர் பூக்கூடையோடு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது அவ்வளவு ஆத்திரம் வரும். அவருக்கு மண் திரும்பக் கிடைத்துவிட்டது, எனக்கு டோக்கன்தானே கிடைத்தது என்று பொருமுவேன். மறுநாள் அவர் சட்டைப் பையில் எனக்காக எடுத்துவைத்த இரண்டு முழம் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறுவேன். என்ன செய்வது, அப்படித்தான் இருந்தது.

கல்யாணமாகி வந்தது எங்கே தெரியுமா? பாகாயம். காலையில் மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்துக் காலேஜ் நர்ஸிங் பிள்ளைகள் கும்பலாகப் பேசிக்கொண்டு ரோட்டில் போவார்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பழகிவிட்டது என்று சொல்வேன், வீட்டில் நம்புகிறார்கள். தீபாவையாவது சேர்க்கலாம் என்று பேச்செடுத்தேன். "ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருதும்மா" என்று கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்டாள். ஜன்னல் திறப்பதுதான் வேலை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் போனபிறகு, நேற்று அந்தப் புழுவை ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், நாக்கு அப்படியேதான். நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூடியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"உன்ன யாரு தோண்டச் சொன்னது?" என்றாள்.

நான் டப்பாவை மூடினேன். அவள் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கே அத பஸ்ஸுலயே வீசிட்டு வந்திருந்தா நீ இந்நேரம் பெரிய நர்ஸம்மா."

"வீசியிருந்தா நைனா இன்னா ஆயிருப்பாரும்மா?"

அம்மா ஒரு தண்டை ஒடித்தாள். இன்னொன்றை ஒடித்தாள்.

"சிரிச்சாருல்ல," என்றாள். "அன்னிக்கு வாசப்படியிலயே நின்னுனு எப்படி சிரிச்சாரு."

மேலே வந்து தொட்டி மண்ணைச் சலித்தேன். பெரிய கிழங்கு போய்விட்டது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுண்டைக்காய் அளவில் இரண்டு குட்டிக் கிழங்கு மட்டும் வாய்படாமல் இருந்தது. அன்று காட்பாடிக்கென்று தோண்டப்போன அதே பாத்தியின் வம்சம். புது மண் போட்டு வைத்திருக்கிறேன். பூக்க நாளாகும்.

ரோஸி எப்போதாவது போன் செய்வாள். அந்தக் கம்பெனியில் எங்கள் லைனே இப்போது இல்லை, செக்கிங் மேஜையெல்லாம் கழற்றிவிட்டார்கள் என்றாள். கடைசிவரை அவளும் இறங்கவில்லை, பஸ்தான் நின்றது. நிலமும் போய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தும்போது முதலில் வேப்பமரம் போனது. அப்புறம் போர்வெல்லில் தண்ணீர் வற்றி, பாத்தி காய்ந்து, நைனா இறந்தபோது அவர் மாலைக்கே சம்பங்கியை வெளியில்தான் வாங்கினோம். இந்தத் தடவை தோண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க, கடித்த வாய் எதுவும் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கம்பி வேலி, பெயின்ட் அடித்த மனைக் கல், நடுவில் சிமெண்ட் ரோடு. எது நைனாவின் பாத்தி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மண் தெரிந்த ஒரு மூலையில் மைனா ஒன்று கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் பறந்து போய்விட்டது.